லோயிஸ் டீச்சரும் பதினான்கு கைரேகைகளும்

என் அக்கா லோயிஸ் தங்கமானவள் என்று ஈச்சம்பட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவளுக்கு நற்சான்றிதழ் கொடுப்பது என் வேலை இல்லை. அவள் பிடிவாதக்காரி. ரசம் வைக்கக்கூடத் தெரியாதவள். இருபத்திரண்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவள். அந்த நாற்காலியிலிருந்து அவளை இறக்கிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் நைனா அசரியா, சித்தூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் உபதேசியார். பெண்கள் இரண்டு பேர். எனக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார், அக்காவை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார். 1937-ல் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்து ஈச்சம்பட்டில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள் அக்கா. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இந்தப் பரீட்சை முடியட்டும்" என்றாள். பரீட்சை வருஷா வருஷம் வந்தது. நைனா போன பிறகு யாரும் கேட்கவில்லை. நான் கட்டிக்கொண்டவர் நாலாம் வருஷமே போய்விட, சித்தூரில் ஒற்றை அறையும் மெஷினுமாக நின்றேன். சனிக்கிழமை பஸ்ஸில் அக்கா என்னிடம் வருவாள், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பிப் போவாள்.

ஈச்சம்பட்டு ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்க் குடியானவர்கள். வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறவர்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, மாட்டிடம் எது வாய்க்கு வருகிறதோ அது. அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்து கேட்டாலும் கேட்டவர் பாஷையிலேயே பதில் சொல்வார்கள், கேட்டவர் விரும்புகிற பதிலையே சொல்வார்கள். அதை மரியாதை என்று நினைத்தார்கள். ஆந்திரா தனி மாநிலமான பிறகு எல்லைச் சண்டை வந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் காகிதத்தோடு வந்து "நீங்கள் தமிழர்தானே, மதராஸோடு சேர வேண்டும்தானே" என்று கேட்டார்கள். ஆமாம் என்று கைநாட்டு வைத்தார்கள். மறுமாதம் ஆந்திரப் பக்கத்துக்காரர்கள் வந்து "நீங்கள் எங்களவர்தானே" என்றார்கள். அதற்கும் ஆமாம், அதற்கும் கைநாட்டு. வந்தவர்கள் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதான். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதே காரியத்தைத் தானும் செய்யப்போகிறாள் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மிஷன்காரர்கள் பள்ளிக்கூடத்தை ஜில்லா போர்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு செக்ஷன். தெலுங்கு செக்ஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தலைமை நாகபூஷணம் சார். தமிழ் செக்ஷன், ஒன்றிலிருந்து ஐந்து வரை, அக்கா ஒருத்தி. நாற்பது பிள்ளைகள் இருந்தால்தான் தமிழ் செக்ஷன் நடக்கும் என்பது சட்டம். அக்காவிடம் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். அந்தக் கவலை அவளுக்கு இல்லை. கவலையெல்லாம் ஐந்தாவதுக்குப் பிறகுதான். தமிழில் ஆறாவது வேண்டுமானால் பள்ளிப்பட்டுக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைகள் நடந்து போவார்கள். பெண்களை அனுப்ப மாட்டார்கள். ஐந்தாவது முடிந்தால் கடலைக்காடு. தெலுங்கு செக்ஷனில் சேரலாமே என்றால், இந்தப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், ஒரு எழுத்து படிக்க வராது. ஈச்சம்பட்டிலேயே தமிழில் ஆறாவது வேண்டும் என்று நாலு வருஷமாக மனு எழுதினாள். மனு மாவட்டத்துப் பெரிய ஆபீசரின் மேஜைக்குப் போகும், அங்கேயே படுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் ஐந்தாவதில் அலர்மேல்மங்கை என்று ஒரு பெண். செங்கம்மா என்ற குடியானவப் பெண்ணின் மகள், பத்து வயசு. ஒரு முறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். அக்கா சனிக்கிழமை வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அலர்மேலு புராணம் ஆரம்பித்துவிடும். "இவ ஒருத்தியாவது ஆறாவது போவணும் யூனிஸ். இவ போனா பின்னாடி பத்து பேர் போவாங்க" என்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

1959 பிப்ரவரியில் திருப்பதியில் கல்விக் கலை விழா நடக்கும் என்று நோட்டீஸ் வந்தது. மூன்று நாள். நாடகம், பாட்டு, புர்ரகதை என்கிற தெலுங்குக் கதைப்பாட்டு, கோலாட்டம், ஓவியம், களிமண் பொம்மை, எல்லாமே கல்வியைப் பற்றி இருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு குழு அனுப்பலாம், பஸ்ஸும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கடைசியில், மாவட்டத்துப் பெரிய ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்று போட்டிருந்தது. அக்காவுக்கு அந்த ஒரு வரி போதும்.

நோட்டீஸோடு ஒரு படிவம். பிள்ளை பெயர், தகப்பன் பெயர், வகுப்பு, தாய்மொழி, பெற்றோர் கையெழுத்து அல்லது கைரேகை. நாகபூஷணம் சார் அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னாராம்: "லோயிஸம்மா, தமிழ்னு போட்டீங்கன்னா மூணாம் நாள் காலையில மேடை குடுப்பாங்க. காக்கா கூட வராது. தெலுகுன்னு போடுங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம், பெரியவரு எதிர்லயே. பசங்களுக்குத்தான் தெலுகு தண்ணி பட்ட பாடாச்சே!"

அக்கா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு தெலுங்கிலேயே நாடகம் எழுதினாள். பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கடலை பிடுங்க அனுப்புகிற தாய், அவளைத் திரும்பக் கூட்டிவரப் போராடுகிற அண்ணன். பதினான்கு பிள்ளைகளைப் பொறுக்கினாள். படிவத்தில் தன் அழகான கையெழுத்தில் பதினான்கு தடவை தாய்மொழி தெலுங்கு என்று எழுதினாள். வீடு வீடாகப் போய்க் கைரேகை வாங்கினாள். "இன்னா எழுதியிருக்குதும்மா?" என்று செங்கம்மா கேட்டாளாம். "திருப்பதிக்கு கூட்டிக்கினு போறதுக்கு" என்றாளாம் அக்கா. டீச்சரம்மா நீட்டிய காகிதம். செங்கம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை.

உடை தைத்தது நான். பதினான்கு பேருக்கும் இரண்டு வாரத்தில் தைத்து முடித்து, அந்தத் துணி மூட்டையோடு நானும் பஸ் ஏறினேன்.

விழா என்றால் அப்படி ஒரு விழா. நுழைவாயிலில் தகரத்தால் ஆளுயரச் சிலேட்டு ஒன்று செய்து நிறுத்தியிருந்தார்கள். பந்தலுக்குள் களிமண்ணில் ஒரு கிராமம், பாதியில் இருட்டு, பாதியில் வெளிச்சம். இருட்டுப் பாதியில் இருந்தவர்கள் படிக்காதவர்கள் என்று அட்டையில் எழுதியிருந்தது. அட்டையை அந்தப் படிக்காதவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நான் கேட்டேன், அக்கா முறைத்தாள். ஒரு பக்கம் புர்ரகதைக்காரர்கள் கல்வியின் பெருமையை முழங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் சின்னஞ்சிறிசுகள் எழுத்து எழுத்தாக அட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றன. மதியம் திருமலைப் படிக்கட்டு தொடங்குகிற அலிபிரி வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். அக்கா கூட்டிப் போனாள். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உபதேசியார் மகள்கள் நாங்கள் இரண்டு பேரும் சோற்றுக் கூடைக்குக் காவல் நின்றோம். அலர்மேலு ஓடிவந்து "டீச்சர், உங்களுக்கும் சேத்து வேண்டிக்கினேன்" என்றாள்.

சாயங்காலம் மேடை. நான் நாடகம் அதிகம் பார்த்தவள் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அலர்மேலு நடுவில் நின்று, என்னை நிறுத்தாதே அம்மா என்று தெலுங்கில் கேட்டபோது முன் வரிசையில் இருந்த ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பரிசு எங்களுக்குத்தான். ஷீல்டு கொடுக்கும்போது ஆபீசர் அலர்மேலுவைத் தட்டிக்கொடுத்து, எவ்வளவு தூய தெலுங்கு என்று மூன்று தடவை சொன்னார். "மீ இண்ட்லோ ஏம் மாட்லாடுதாரு?" வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். கேட்டது தெலுங்கில், கேட்டவர் பெரியவர். ஈச்சம்பட்டுப் பெண் வேறென்ன சொல்வாள்? "தெலுகேனண்டி" என்றாள் பளிச்சென்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்கா அப்போதே மனுவின் நகலை நீட்டினாள், ஆறாவது வகுப்பு வேண்டும் என்று. ஆபீசர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "தப்பாமல் கவனிக்கிறேன்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகள் ஷீல்டை மடி மாற்றி மடி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள். நாற்பத்து மூன்று வயசுக்காரி சின்னப் பெண் மாதிரி இருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆபீசர் சொன்னபடி கவனித்தார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது உத்தரவு வந்தது. தமிழ் செக்ஷன் பட்டியலில் உள்ள நாற்பத்தேழு பேரில் பதினான்கு பேரின் தாய்மொழி தெலுங்கு என்று பெற்றோரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மீதி முப்பத்து மூன்று. ஆகவே தமிழ் செக்ஷன் எடுக்கப்படுகிறது, பிள்ளைகள் தெலுங்கு செக்ஷனில் சேர்க்கப்படுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு ஆறாவது வகுப்பு அனுமதிக்கப்படுகிறது. தெலுங்கில்.

பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். தெலுங்கு எழுத்தே தெரியாதவர்களை எப்படி ஆறாவதில் வைப்பது? அலர்மேலுவை ஒன்றாவதில், ஆறு வயசுக் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். ஷீல்டு அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. ஒன்பது நாள் போனாள். பத்தாம் நாள் வரவில்லை. செங்கம்மாவிடம் அக்கா கேட்கப் போனாள். "சின்னதுங்க சிரிக்குதாம்மா. அதான் காட்டுக்கு கூட்டிக்கினு போறேன்" என்றாளாம்.

அக்கா ஆபீசுக்கு எழுதினாள், அவர்கள் எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள்தான் என்று. படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, எது உண்மை, சித்தூருக்கு நேரில் வந்து விளக்கவும் என்று பதில் வந்தது.

அக்கா என்னோடு இருந்தபோது நாகபூஷணம் சார் என் வீடு தேடி வந்தார். நான் காபி கொடுத்தேன். கண்ணைப் பார்க்காமல் பேசினார். "லோயிஸம்மா, ஊர்க்காரங்க தெலுகுன்னு சொன்னாங்க, நான் எழுதினேன்னு சொல்லிடுங்க. அவங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இந்த ஊரு எல்லாத்துக்கும் ரேகை வைக்கிற ஊருன்னு கவர்மெண்டுக்கே தெரியும். செக்ஷன் போனாலும் உங்க வேலை நிக்கும். என் செக்ஷன்லயே அசிஸ்டெண்டா போட்டுக்கறேன். பசங்களுக்கு ஓரமா உக்காந்து தமிழ் சொல்லிக் குடுங்க, நான் கண்டுக்க மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் நாலு பிள்ளைகள். ஆனால் படிவத்தில் தெலுங்கு என்று எழுதச் சொன்னது தான்தான் என்று ஆபீசில் சொல்ல அவர் முன்வரவில்லை. அக்காவும் அதைக் கேட்கவில்லை.

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா பண்ணட்டும் யூனிஸ்?"

இங்கேதான் என் பங்கு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்த சூடு ஆறவில்லை. நான் பெரிய நீதிமான் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன்: "பொய்ய எழுதினது நீ. பழிய அந்த ஜனங்க மேல போடுவியா? நைனா இருந்தா இன்னா சொல்லுவாரு? உண்மைய சொல்லிடு. பதினாலு பேரும் தமிழ்ப் பசங்கன்னா நாப்பத்தேழு ஆயிடுதில்ல? செக்ஷன் திரும்ப வந்துடும். உனக்கு ஒரு மெமோ குடுப்பாங்க, வேற இன்னா?"

நைனாவை இழுத்தேனே, அது போதும் அவளுக்கு. சொல்வது எளிது, போய் நிற்கப்போவது அவள்தானே. இந்த வாயை நான் அன்றைக்கு அடக்கியிருக்கலாம். இத்தனை வருஷமாகத் தினம் அதைத்தான் நினைக்கிறேன்.

மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். உள்ளே அவள் பேசியது கேட்டது. "தாய்மொழி தெலுங்கு என்று எழுதியது பொய். நான் எழுதினேன். பெற்றோருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது." பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அவர்கள் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மெமோ வரவில்லை. ஆகஸ்டில் வேலை நீக்க உத்தரவு வந்தது. அரசாங்கப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதியது, படிக்காத பெற்றோரிடம் உண்மையை மறைத்துக் கைரேகை வாங்கியது என்று இரண்டு குற்றம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இனிச் சேர முடியாது. ஒரு டிரங்குப் பெட்டியோடு என் அறைக்கு வந்து சேர்ந்தாள். நான் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். சரியாக வரவில்லை.

டிசம்பரில் நாகபூஷணம் சார் ஒரு உத்தரவின் நகலை அனுப்பினார். மறுவிசாரணையில் தமிழ்ப் பிள்ளைகள் நாற்பத்தேழு பேர் என்று உறுதியானதால் ஈச்சம்பட்டில் தமிழ் செக்ஷன் மீண்டும் அனுமதிக்கப்படுகிறது. ஆசிரியை நீக்கப்பட்டதால் இடம் காலி. எல்லைப் பிரிவினை முடிந்து, தகுதியுள்ள தமிழ் ஆசிரியர் கிடைக்கும்போது செக்ஷன் தொடங்கும். அதுவரை பிள்ளைகள் தெலுங்கு செக்ஷனிலேயே இருக்கலாம். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "செக்ஷன் கெடைச்சிடுச்சி" என்றாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே அழுதேன், தையல் கோணிப் போனது.

1960 மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம் செங்கம்மா வந்தாள். முதல் தடவையாகத் தனியாகச் சித்தூருக்கு வந்திருக்கிறாள். கூடையில் கடலை, இடுப்பில் சுருட்டிய காகிதம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நீ ஏம்மா உண்மைய சொன்ன?" என்று ஆரம்பித்தாள். "எங்க மேல போட்டிருந்தா எங்கள இன்னா பண்ணியிருப்பாங்க? நாங்க எத்தினி காகிதத்துல ரேகை வச்சிருக்கோம்! நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா ஓரமாவாவது உக்காந்துக்கினு இருந்திருப்ப. என் பொண்ணும் உக்காந்திருப்பா."

அக்கா கூடையை வாங்கி ஓரமாக வைத்தாள். சொல்லச் சொன்னவள் நான் மெஷின் பக்கம் திரும்பி நூல் கோக்க ஆரம்பித்தேன்.

"சரி, போவட்டும். ஊர்ல எல்லாரும் சேந்து மனு எழுதிக்கினு வந்திருக்கோம். நாப்பத்தேழு வீட்டு ரேகையும் கீது. கோர்ட்டாண்ட ஒரு மனு எழுதறவரு எழுதிக் குடுத்தாரு. எங்க டீச்சரம்மா எங்களுக்கு வேணும்னு எழுதச் சொன்னேன். படிச்சி சொல்லும்மா, சரியா கீதான்னு. அப்புறம் போயி குடுத்துட்டு வர்றேன்."

அக்கா காகிதத்தைப் பிரித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். தெலுங்கில், மணி மணியான கையெழுத்தில் இருந்தது. ஈச்சம்பட்டுக் குடியானவர்கள் பணிவோடு தெரிவித்துக்கொள்வது: லோயிஸ் என்ற முன்னாள் ஆசிரியை, படிக்காத எங்களை ஏமாற்றி, எழுதியிருப்பதைச் சொல்லாமல் கைரேகை வாங்கி, எங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிட்டாள். அந்த லோயிஸை ஒருபோதும் திரும்பச் சேர்க்காமல், நேர்மையான வேறொரு தமிழ் ஆசிரியரைத் தயவு செய்து உடனே அனுப்ப வேண்டும். கீழே நாற்பத்தேழு கட்டைவிரல்கள்.

மனு எழுதுகிறவருக்குத் தொழில் தெரியும். நீக்கின ஆளைக் கேட்டால் குப்பைக்குப் போகும், வேறு ஆளைக் கேட்டால் ஒருவேளை கிடைக்கும். அது எனக்கும் புரிந்தது. ஆனாலும் பிடுங்கிக் கிழிக்கக் கை நீண்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சரியா கீதாம்மா?" என்று கேட்டாள் செங்கம்மா.

"சரியா இருக்குது."

"உன் பேரு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது செங்கம்மா. ரெண்டு எடத்துல போட்டிருக்குது."

செங்கம்மாவுக்கு முகம் மலர்ந்தது. காகிதத்தைப் பழையபடி சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். எந்த ஆபீஸ், எந்த வாசல், யாரிடம் கொடுக்க வேண்டும், சீல் போட்ட ரசீது எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு வாசல் வரை கூடவே போய் வழியைக் காட்டி அனுப்பிவைத்தாள்.